செஞ்சி யாருடைய கோட்டை?



மராத்திய மாநிலத்துப் பள்ளிகளில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சத்திரபதி சிவாஜி மகாராசரின் வரலாறு பல்லாண்டுகளாகப் பாடமாக இருந்து வந்திருக்கிறது. மான்குர்த்திலும் செம்பூரிலும் தாராவியிலும் வளர்ந்த நம் பிள்ளைகளும் அதைப் படித்தே தேறியவர்கள். சிவனேரி, ராய்கட், பிரதாப்கட், பன்ஹாளா என்று கோட்டைகளின் பெயர்களைத் தடையின்றி ஒப்பிப்பார்கள். அவ்வரிசையில் ‘ஜிஞ்ஜி’ என்றொரு பெயரும் வரும். அது எங்கே உள்ளது என்று கேட்டால், தெற்கே எங்கோ இருக்கிறது என்று சொல்லி அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். அந்த ஜிஞ்ஜிதான் நம் செஞ்சி என்பதையும், திருவண்ணாமலைக்கும் திண்டிவனத்துக்கும் இடையே பேருந்தில் போகிறவர்கள் சன்னல் வழியே காணும் கற்குன்றுகளே அவை என்பதையும் எடுத்துச் சொல்வது வீட்டிலுள்ள பெரியவர்களாகிய நம் கடமை. அக்கடமையை நினைவூட்டவே இம்மாதம் செஞ்சியின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம்.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2025ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள், பாரிஸ் நகரில் கூடிய யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு, ‘இந்தியாவின் மராத்தியப் படையரண் நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது. அவற்றுள் 11 கோட்டைகள் மராத்திய மாநிலத்தில் உள்ளன. பன்னிரண்டாவது, தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள செஞ்சி. இச்செய்தி வந்தபோது இருவகையான பேச்சுக்கள் எழுந்தன. தமிழ் மண்ணில் உள்ள கோட்டைக்கு மராத்தியர் பெயரா என்று மனம் வருந்தியவர்கள் உண்டு. மராத்தியரின் கோட்டை அவ்வளவு தொலைவில், தமிழகத்தில் எப்படி வந்தது என்று வியந்தவர்களும் உண்டு. இரு சாராரும் கேட்பது ஒரே கேள்விதான். செஞ்சி யாருடைய கோட்டை?

பம்பாயில் வாழும் நமக்கு இக்கேள்வி புதியதன்று. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே உழைக்கும் நம் பிள்ளைகளைப் பார்த்து, “உன் ஊர் எது?” என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிலர் அன்போடு கேட்பார்கள். சிலர் கேட்கும் தொனி வேறாக இருக்கும். ஒரு மண் யாருக்கு உரியது என்று கேட்போர்க்கு விடை கூறுமுன், செஞ்சியின் கதையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

முதலில் இடத்தைக் காண்போம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி எனப்படும் சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளும் முக்கோணமாக நிற்கின்றன. இவற்றை இணைத்து ஓடும் மதில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுடையது. மூன்றில் உயர்ந்தது ராஜகிரி. சுமார் 800 அடி உயரம். அதன் உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து ஒரு பெரும் வெடிப்பு உள்ளது. அகலம் சுமார் 24 அடி, ஆழம் சுமார் 60 அடி. அதன்மேல் ஒரு மரப்பாலம் இட்டிருந்தார்கள். பகைவர் வந்தால் பாலத்தை எடுத்துவிட்டால் போதும். சிலர் நின்று ஒரு படையையே தடுக்கலாம். ஆங்கிலேயர் இதனைக் கீழ்நாட்டின் டிராய் என்று வியந்து பேசியது காரணமின்றி அன்று.

இக்கோட்டையின் முதற்கல்லை வைத்தவர் யார்? 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த விக்கிரமசோழன் உலாவிலேயே செஞ்சித் தலைவன் ஒருவன் குறிக்கப்படுகிறான். ஆனால் கோட்டை என்று சொல்லத்தக்கதை எழுப்பியவர்கள் கோன் குலத்தார் என்பதே மரபு. அக்குலத்து ஆனந்தக்கோன் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்குன்றில் ஒரு சிறு அரணைக் கட்டினார். ஆடு மேய்க்கையில் குன்றின் பொந்து ஒன்றில் அவருக்குப் புதையல் கிடைத்ததென்றும், அதைக்கொண்டே அரண் எழுப்பினாரென்றும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ கூறுகிறது. புதையல் கதையை நம்பினாலும் நம்பாவிட்டாலும், அதன் உட்பொருள் தெளிவானது. செஞ்சியை முதலில் அரணாக்கியவர்கள் வெளியிலிருந்து வந்த பேரரசர்கள் அல்லர். அக்குன்றுகளின் ஒவ்வொரு பொந்தையும் சுனையையும் அறிந்த உள்ளூர் மேய்ப்பர் குடியினர். அவருக்குப்பின் வந்த கிருஷ்ணக்கோன் வடக்குக் குன்றில் அரண் கட்டினார். கிருஷ்ணகிரி என்னும் பெயர் அவரால் வந்தது.

இவ்விடத்தில் கடல் கடந்த நாடொன்றை நினைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் மேற்கே வேல்ஸ் என்னும் மலைநாடு உள்ளது. அதற்குத் தனிமொழி உண்டு. பழங்காலத்தில் தனிச் சிற்றரசர்களும் இருந்தனர். அவர்களுள் பெரியவரான லிவெலின் என்பவர் 1221ஆம் ஆண்டில் பாறைக்குன்று ஒன்றின்மேல் காஸ்டெல் அ பெரெ என்னும் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். 1283ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் படை அதைக் கைப்பற்றியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே கோட்டை பாழடைந்தது. இன்று வேல்ஸ் நாட்டுக்குச் செல்லும் பயணிகள் பெரும்பாலும் காண்பவை கார்னார்வன், கான்வி போன்ற கோட்டைகளே. அவை வென்ற எட்வர்டு கட்டியவை. 1986ஆம் ஆண்டில் உலக மரபுப் பட்டியலில் ஏறியவையும் அவைதாம். உள்ளூர் அரசர்கள் கட்டிய கோட்டைகளுக்கு அப்பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. வென்றவர் பெயர் நிலைப்பதும், முதலில் கட்டியவர் பெயர் மங்குவதும் நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. ஆகவே ஆனந்தக்கோன் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டியவர்கள் நாமே.

ஆனால் செஞ்சியின் கதை வேல்ஸ் கோட்டையின் கதையைப் போல் ஒரே வெற்றியோடு முடிந்துவிடவில்லை. கோன் குலத்தாருக்குப்பின் குறும்பர் குலத் தலைவர் ஆண்டனர். பின்பு விசயநகரப் பேரரசின் கீழ் நாயக்கர்கள் வந்தனர். இன்று நாம் காணும் செஞ்சியின் பெரும்பகுதி அவர்கள் காலத்தது. நெற்களஞ்சியங்கள், யானைக்குளம், வேங்கடரமணர் கோயில், கூர்நுனிக் கோபுரம்போல் அடுக்கடுக்காக எழும் கலியாண மகால் ஆகியவற்றைக் காண்பவர்கள் மலைத்து நிற்பார்கள். சுடுமண் குழாய்கள் வழியே நீரைக் கொணர்ந்து மகாலின் மேல்தளத்துக்கும் ஏற்றியிருக்கிறார்கள். இன்று மான்குர்த்தில் மாடிக் குடியிருப்புக்களில் வாழ்ந்து, குழாயில் நீர் வரும் நேரம் பார்த்துக் காத்திருக்கும் தாய்மார்கள் அவ்வேலையின் அருமையை உடனே உணர்வார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் செஞ்சிக்கு வந்த பிமென்டா என்னும் ஏசு சபைப் பாதிரியார், லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துகல் நாட்டில் இதற்கு இணையான பெரிய நகரம் இல்லை என்ற கருத்துப்பட எழுதிவைத்தார்.

நாயக்கர் ஆட்சி 17ஆம் நூற்றாண்டின் நடுவில் வீழ்ந்தது. பீஜப்பூர் சுல்தானின் படைகள் கோட்டையைக் கைக்கொண்டன. அதன்பின்னரே மராத்தியர் வருகிறார்கள். 1677ஆம் ஆண்டில் சிவாஜி மகாராசர் தம் தென்னாட்டுப் படையெடுப்பில் செஞ்சியை அடைந்தார். நீண்ட போரின்றிக் கோட்டை அவர் வசமாயிற்று. அவர் அதை வென்றதோடு நில்லாமல், புதிய மதில்களும் கொத்தளங்களும் எழுப்பினார், அகழிகள் தோண்டினார். ஐரோப்பியரும் குறை காண இயலாத வேலை என்று ஏசு சபையார் தம் மடல்களில் அதைப் போற்றினர். தம் நாட்டிலிருந்து பல நூறு மைல் தொலைவில் உள்ள ஒரு கோட்டைக்கு அவர் ஏன் இவ்வளவு பொருள் செலவிட்டார்? என்றேனும் ஒரு நாள் வடக்கிலிருந்து மொகலாயப் பெரும்படை மராத்திய நாட்டின்மேல் பாயும். அன்று பின்வாங்கி நிற்பதற்குத் தெற்கே உறுதியான ஓர் இடம் வேண்டும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும் என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து.

அந்நாள் விரைவிலேயே வந்தது. சிவாஜி 1680ஆம் ஆண்டில் மறைந்தார். 1689ஆம் ஆண்டில் அவர் மகன் சம்பாஜி ஔரங்கசீபின் கையில் சிக்கிக் கொல்லப்பட்டார். தலைநகராகிய ராய்கட்டும் அவ்வாண்டிலேயே வீழ்ந்தது. சம்பாஜியின் மனைவியும் இளமகனும் சிறைப்பட்டனர். எஞ்சியவர் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். அப்போது அவருக்கு 19 வயது. அவரும் துணைவர்களும் யாத்திரிகர் வேடம் பூண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். கேளடி நாட்டு அரசி சென்னம்மா, பேரரசனின் சினத்துக்கு அஞ்சாமல் அவர்களுக்கு வழிவிட்டுக் காத்தார். பெங்களூரில் ஐயம் எழுந்தபோது துணைவர் சிலர் தாமாகப் பின்தங்கி அடியும் உதையும் பட்டனர். இளவரசர் தப்பிப்போக அதனால் நேரம் கிடைத்தது என்று மராத்தியர் பழங்கணக்குகள் கூறுகின்றன. அவ்வாண்டின் இறுதியில் ராஜாராம் செஞ்சியை அடைந்தார்.

அன்பர்களே, இதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். மராத்திய அரசு தன் தலைநகரை இழந்து, தன் மண்ணில் நிற்க இடமின்றித் தவித்த வேளையில், அதன் அரியணை தமிழ் மண்ணில், ஆனந்தக்கோன் முதற்கல் வைத்த குன்றின் அடியில் போடப்பட்டது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் செஞ்சியே மராத்திய அரசின் தலைநகராக விளங்கியது. ஆணைகள் இங்கிருந்து சென்றன. பட்டங்களும் பதவிகளும் இங்கிருந்து வழங்கப்பட்டன. கூடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியதும் இம்மராத்திய அரசிடமிருந்தே. அது பின்னர் செயின்ட் டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்றது.

ஔரங்கசீபு வாளாவிருப்பாரா? 1690ஆம் ஆண்டில் அவர் தளபதி சுல்பிகர்கான் செஞ்சியை முற்றுகையிட்டார். மூன்று குன்றுகளையும் முழுதாகச் சூழ்ந்து நிற்க அவரிடம் ஆள் போதவில்லை. வடக்கிலிருந்து வந்த சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகிய மராத்தியத் தலைவர்கள் முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டு, உணவு வரும் வழிகளை அடைத்தனர். 1693ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுல்பிகர்கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. பேரரசரின் மகன் காம்பக்சு ராஜாராமுடன் மறைவில் பேசினார் என்று ஐயுற்று, மொகலாயத் தளபதிகளே அவரைச் சிறைப்படுத்திய கூத்தும் நடந்தது. சுல்பிகர்கான் வேண்டுமென்றே போரை நீட்டுகிறார் என்று அக்காலத்தவர் சிலர் எழுதிவைத்தனர். முடிவில் 1698ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தது. ஆனால் அதற்குள் ராஜாராம் வேலூர் வழியாகத் தப்பித் தம் நாடு சேர்ந்துவிட்டார். ஒரு குன்றைப் பிடிக்கப் பேரரசர் செலவிட்ட அவ்வாண்டுகளில் மராத்திய நாடு மீண்டும் எழுந்து நிற்க நேரம் பெற்றது. 1700ஆம் ஆண்டில் ராஜாராம் மறைந்தபின் அவர் மனைவி தாராபாய் போரைத் தொடர்ந்து நடத்தினார். செஞ்சி தாங்கி நின்றிராவிடில், பிற்கால மராத்திய வரலாறு வேறுவிதமாக அமைந்திருக்கும் என்பது மிகையன்று.

இவற்றையெல்லாம் பெருமையோடு சொல்லும்போது ஒன்றை மறத்தல் கூடாது. எட்டு ஆண்டுகள் இரு படைகள் உண்ட சோறு எவர் வயலில் விளைந்த நெல்? குதிரைகள் மேய்ந்த பயிர் எவருடையது? திண்டிவனம், வந்தவாசி, திருவண்ணாமலைச் சீமையின் உழவர் குடிகளே அச்சுமையைத் தாங்கினர். அவர்களுக்குப் பட்டமும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அரசர்கள் வந்தும் போயும் இருந்தார்கள். மதிலுக்குக் கல் சுமந்தவர்களும், படைக்கு நெல் அளந்தவர்களும் அங்கேயே இருந்தார்கள். வரலாற்றுப் புத்தகம் அவர்கள் பெயரைச் சொல்லாவிடினும், உழைத்து வாழும் நம் போன்றவர்களுக்கு அது தோன்றாமல் போகாது.

மொகலாயர் காலத்தில் புந்தேல ராசபுத்திரரான சுவரூப் சிங் என்பவர் கோட்டைத் தலைவராக அமர்த்தப்பட்டார். அவர் 1714ஆம் ஆண்டில் இறந்தபின் அவர் மகன் தேஜ் சிங் செஞ்சியைத் தம் உரிமையெனக் கொண்டு, ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுக்குக் கப்பம் கட்ட மறுத்தார். அவ்வாண்டு அக்டோபரில் நடந்த போரில் சிறு படையோடு எதிர்த்து நின்று மாண்டார். அவருடன் மாண்டவர் அவர் நண்பரான முகமதிய வீரர் மகபத்கான். திருமணப் பந்தலிலிருந்து எழுந்து நண்பனுக்காகப் போர்க்களம் வந்தார் என்று நாட்டுப்பாடல் அவரைப் போற்றும். தேஜ் சிங் என்ற பெயர் தமிழர் நாவில் தேசிங்கு ஆயிற்று. தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் அவர் வாழ்ந்தார். 1960ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படமாகவும் வந்தார்.

தேசிங்கு பிறப்பால் தமிழரல்லர். அவர் குலத்தார் செஞ்சியில் இருந்த காலம் பதினைந்து ஆண்டுகளுக்கும் குறைவு. ஆயினும் ஊரைக் காக்க உயிர் கொடுத்தவன் எந்த நாட்டான், எந்த மொழியான் என்று நம் பாட்டனும் பாட்டியும் கேட்கவில்லை. நம்மவன் என்று பாடிவிட்டார்கள். முகமதிய நண்பனையும் சேர்த்தே பாடினார்கள். எளிய மக்கள் ஒருவரை ஏற்றுக்கொள்ளும் முறை அது.

அதன்பின் 1750ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஓர் இரவுப் போரில் செஞ்சியைப் பிடித்தார். 1761ஆம் ஆண்டு புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்ததும் செஞ்சியும் பணிந்தது. 1780ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படை சிறிது காலம் பிடித்து வைத்திருந்தது. பின்பு போருக்குப் பயன்படாத கோட்டையாகிக் காடு மண்டியது. செஞ்சிக் கோயிலின் கற்றூண்களைப் பிரெஞ்சுக்காரர் பெயர்த்துச் சென்றனர். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்பவை செஞ்சியிலிருந்து போன தூண்களே. 1921ஆம் ஆண்டில் கோட்டை பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943ஆம் ஆண்டில் செஞ்சியின் முழு வரலாற்றையும் ஆங்கிலத்தில் நூலாக்கி உதவினார்.

இனி நம் கேள்விக்கு வருவோம். கோன் குலத்தார் தொடங்கினர், நாயக்கர் பெருக்கினர், மராத்தியர் வலுப்படுத்தினர், ராசபுத்திரர் ஒருவர் அதற்காக மாண்டார், நவாபு அங்கே பள்ளிவாசல் கட்டினார். ராஜகிரியின் மேலே அரங்கநாதர் கோயிலும், கீழே பள்ளிவாசலும், அடிவாரத்தில் உழவர் வயல்களும் இன்றும் உள்ளன. இவற்றுள் ஒன்றை எடுத்துவிட்டால் செஞ்சி குறைபடும். ஆகவே மராத்தியர் பெயரால் செஞ்சி உலகப் பட்டியலில் ஏறியதற்கு நாம் வருந்த வேண்டியதில்லை. அப்பெயரோடு கோன் குலத்தார் பெயரும் நாயக்கர் பெயரும் சேர்ந்து சொல்லப்பட வேண்டும் என்று கேட்பது மட்டும் முறையே.

இதே அளவுகோலை நம் வாழ்வுக்கும் வைத்துப் பார்ப்போம். நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆர்க்காட்டுச் சீமையிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த நம்மவர்கள் இந்நகரின் சதுப்பு நிலங்களை மேடாக்கிக் குடியேறினார்கள். 1976ஆம் ஆண்டில் மான்குர்த் ஜனதா காலனி இடிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டதை நம் முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். மதிலும் அகழியும் இல்லாதவர்களுக்கும் ஊரை இழக்கும் துன்பமும், மீண்டும் ஓர் ஊரை எழுப்பும் உழைப்பும் உண்டு. அவ்வுழைப்பில் தமிழர் மட்டுமா இருந்தனர்? மராத்தியரும், உருது பேசுவோரும், தெலுங்கரும், மலையாளிகளும் ஒரே வரிசையில் நின்று நீர் பிடித்தனர்.

எனவே “உன் ஊர் எது?” என்று கேட்கப்படும் பிள்ளை தலைகுனிய வேண்டியதில்லை, சினந்து பேசவும் வேண்டியதில்லை. “என் பெற்றோர் ஊர் தமிழ்நாடு, என் ஊர் மான்குர்த். உங்கள் ராஜாராம் மகாராசர் எட்டு ஆண்டுகள் எங்கள் செஞ்சியில் இருந்தார்” என்று நல்ல மராத்தியில் சிரித்த முகத்தோடு சொல்லட்டும். இது நன்றி கேட்கும் பேச்சன்று. ராஜாராமுக்கு இடம் கொடுத்ததற்காக இன்றைய மராத்தியர் எவரும் நமக்குக் கடன்பட்டவரல்லர். இரு நாட்டாரும் ஒருவர் மண்ணில் ஒருவர் வாழ்ந்தது நேற்று இன்று தொடங்கிய செய்தியன்று என்பதை அறிந்துகொண்டால் போதும். தஞ்சையில் மராத்திய அரசகுலம் 1855ஆம் ஆண்டுவரை இருந்ததும், அவர்களோடு வந்த குடும்பங்களின் வழியினர் இன்றும் தமிழகத்தில் வாழ்வதும் பலருக்குத் தெரிந்தவையே.

வரும் கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் குடும்பங்கள் ஒரு நாளைச் செஞ்சிக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். திண்டிவனத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணமே. வெயிலுக்கு முன் காலையிலேயே ராஜகிரி ஏறிவிட வேண்டும். குடிநீரும் கட்டுச்சோறும் கையோடு கொண்டு போதல் நலம். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் கீழே கலியாண மகாலின் நிழலில் இருந்துகொள்ளலாம். பிள்ளைகள் பாலத்தைக் கடக்கும்போது, அங்கே யார் யார் நின்றார்கள் என்பதைச் சொல்லிக்கொடுங்கள். திரும்பி வந்தபின், நம் மராத்திய அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சிவனேரிக்கோ ராய்கட்டுக்கோ ஒரு நாள் போய் வரலாம். அவர்களும் நம் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படித்த பாடத்தின் இரு பாதிகள் அவை.